சி.எஸ்.ஐ, லுத்தரன் பிள்ளைகளுக்கு ஒரே திடப்படுத்தல் வகுப்பு: பாடம் எங்கே முட்டும்?

கேள்வி: கிரேஸ்_டீச்சர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

விடுதிப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை சபை முன் விசுவாசத்தை அறிக்கையிட்டு, பந்தியில், அதாவது திருவிருந்தில், சேர்க்கப்படுவது) ஆயத்த வகுப்பு எடுக்க வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஏறத்தாழ பாதிப் பேர் சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பாதிப் பேர் த.சு.லு.தி. சபை (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை). இரண்டு பேர் ஐ.இ.எல்.சி (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை). தனித்தனி வகுப்பு நடத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே வகுப்பாகத்தான் நடத்த முடியும். வாரம் ஒன்று, மொத்தம் 12 வகுப்பு.

லுத்தரன் பிள்ளைகள் கையில் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (கேள்வி பதிலாக எழுதிய போதனைப் புத்தகம்) இருக்கிறது. சி.எஸ்.ஐ பிள்ளைகளிடம் அவரவர் திருமண்டல (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி) வினாவிடைப் புத்தகம். முதல் வகுப்பிலேயே குழப்பம். "ஆறாம் கற்பனை (கட்டளை) என்ன?" என்று கேட்டால் ஒரு பக்கம் கொலை, இன்னொரு பக்கம் விபசாரம் என்று பதில் வருகிறது. இதுபோல வேறு எங்கெங்கே முட்டும்? எதைப் பொதுவாகச் சொல்லலாம், எதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்? "எல்லாம் ஒன்றுதான்" என்று மழுப்பாமல், சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறேன். தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

---

பதில் 1: தரங்கை_சாமுவேல்

சிஸ்டர், நீங்கள் பார்த்த குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சரிசெய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

யாத்திராகமம் 20-ல் பத்துக் கற்பனைகள் இருக்கின்றன, ஆனால் வசனத்தில் எண் போட்டிருக்கவில்லை. எண் போட்டது சபைகள்தான். பழைய சபைப் பிதாவான அகுஸ்தீன் பிரித்த முறையைக் கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டார்கள், லுத்தரும் அதையே வைத்துக்கொண்டார். ஜெனீவாவின் சீர்திருத்தக்காரர் கல்வினும் ஆங்கிலிக்கன் சபையும் (இங்கிலாந்துச் சபை) வேறு முறைக்குப் போனார்கள். சி.எஸ்.ஐ புத்தகங்கள் இந்த இரண்டாவது முறையைப் பின்பற்றுகின்றன.

லுத்தரன் முறையில் "வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்" என்பதும் சொரூபம் (வணங்கும் உருவம்) செய்யக் கூடாது என்பதும் சேர்ந்து முதல் கற்பனை. நாமத்தை வீணிலே வழங்காதிருப்பது இரண்டு, ஓய்வுநாள் மூன்று, தாய் தகப்பன் நான்கு, கொலை ஐந்து, விபசாரம் ஆறு, களவு ஏழு, பொய்ச்சாட்சி எட்டு. கடைசியில் இச்சையை இரண்டாகப் பிரித்து, பிறனுடைய வீட்டை இச்சிப்பது ஒன்பது, மனைவியையும் வேலைக்காரரையும் மற்றவைகளையும் இச்சிப்பது பத்து. சி.எஸ்.ஐ முறையில் சொரூபம் தனியாக இரண்டாம் கற்பனை ஆகிறது. அதனால் அதற்குப் பின் வரும் எல்லாம் ஓர் எண் தள்ளிப்போய், இச்சை முழுவதும் பத்தில் அடங்கிவிடுகிறது. ஒரே எண்ணில் நிற்பது முதலாவதும் பத்தாவதின் ஒரு பகுதியும் மட்டும்தான், முதலாவதும் லுத்தரன் பக்கம் நீளமாக.

ஆகவே வகுப்பில் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள். "கொலை செய்யாதிருப்பாயாக என்ற கற்பனை" என்று வாசகத்தைச் சொல்லியே கேளுங்கள். கரும்பலகையில் நடுவில் வாசகம், இடப்பக்கம் லுத்தரன் எண், வலப்பக்கம் சி.எஸ்.ஐ எண் என்று ஒருமுறை எழுதிப் போட்டுவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சபையில் ஆயர் வாய்மொழியாகக் கேட்கும்போது அவரவர் எண்ணைத்தான் எதிர்பார்ப்பார், அதனால் இரண்டும் தெரிந்திருப்பது நல்லது.

இதில் ஒரு தப்பெண்ணம் உண்டு. லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் "யாதொரு சொரூபத்தையாகிலும் உண்டாக்க வேண்டாம்" என்ற வரி அச்சாகியிருக்காது. "உங்கள் சபை ஒரு கற்பனையை நீக்கிவிட்டது" என்று சி.எஸ்.ஐ பிள்ளை கேட்டால் லுத்தரன் பிள்ளை திணறிப்போகும். நீக்கவில்லை, முதல் கற்பனையின் விளக்கமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். வேறே தேவனாக வைத்து வணங்கினால்தான் உருவம் விக்கிரகம் ஆகிறது என்பது லுத்தரன் நிலை. 1522-ல் விட்டன்பர்க்கில் லுத்தரின் சக ஊழியர் கார்ல்ஷ்டாட் கோவில் உருவங்களை அகற்றச் சொல்லிக் கலகம் எழுந்தபோது, லுத்தர் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்து அதை நிறுத்தினார். லுத்தரன் பீடத்தில் கிறிஸ்துவின் உருவத்தோடு சிலுவை இருப்பதற்கும், கல்வின் வழி வந்த சபைகளில் வெறும் சிலுவையோ அதுவும் இல்லாமலோ இருப்பதற்கும் வேர் இந்த எண் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதேபோல் இன்னும் இரண்டு எண்ணிக்கைகள் முட்டும். கர்த்தருடைய ஜெபத்தில் லுத்தர் ஏழு விண்ணப்பம் எண்ணுகிறார். "சோதனைக்குட்படப்பண்ணாமல்" ஆறு, "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" ஏழு. பிரஸ்பிட்டேரியன் வினாவிடைகள் அவ்விரண்டையும் சேர்த்து ஆறு என்கின்றன. விசுவாசப் பிரமாணத்தை லுத்தர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பிரிவாகக் கொள்கிறார். பழைய மரபில் அதைப் பன்னிரண்டாகப் பிரித்தும் கற்பிப்பதுண்டு. இவை உபதேச வித்தியாசமே இல்லை, வெறும் எண்ணிக்கை. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் "நம் புத்தகம் சரி, அவர்கள் புத்தகம் தப்பு" என்று எடுத்துக்கொள்வார்கள்.

---

பதில் 2: பாளை_எட்வின்

சாமுவேல் ஐயா நன்றாக எழுதிவிட்டார். சி.எஸ்.ஐ பக்கத்தை நான் சொல்கிறேன். டீச்சர் முதலில் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும்: இரண்டு சபைகளும் உபதேசத்தை வைத்திருக்கிற விதமே வேறு.

லுத்தரன் சபைக்கு எழுதிவைத்த விசுவாச அறிக்கைகள் உண்டு. 1529-ன் இரண்டு ஞானோபதேசங்கள், 1530-ன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பிறகு 1580-ல் எல்லாவற்றையும் தொகுத்த கன்கார்டு புத்தகம். (எல்லா லுத்தரன் சபைகளும் முழுத் தொகுப்பையும் ஒரே அழுத்தத்தோடு ஏற்பதில்லை. ஆனால் சிறிய ஞானோபதேசமும் அவுக்ஸ்பர்க் அறிக்கையும் எங்கும் உண்டு.) "லுத்தரன் போதனை என்ன?" என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

சி.எஸ்.ஐ அப்படி உருவானதல்ல. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் இணைந்தன. அந்த ஐக்கிய சபையே 1908-ல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானது. இணையும்போது யாரும் தங்கள் பழைய போதனையை விட்டுவிட வேண்டியதில்லை என்பதே ஏற்பாடு. வேதாகமம் இரட்சிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொண்டது, அதுவே கடைசி அளவுகோல்; அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் அந்த விசுவாசத்தின் சாட்சி; ஞானஸ்நானமும் திருவிருந்தும் கிருபையின் சாதனங்கள்; சரித்திர வழிவந்த பேராயர் ஊழியம் உண்டு. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு, விளக்கத்தில் நியாயமான சுதந்திரம் கொடுத்தார்கள். முன்பே குருப்பட்டம் பெற்றிருந்த மெத்தடிஸ்டு, ஐக்கிய சபை ஊழியர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்கவும் இல்லை.

இதனால் வகுப்பில் வரும் விளைவு: "சி.எஸ்.ஐ இப்படித்தான் போதிக்கிறது" என்று சில இடங்களில் உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பிள்ளை ஆங்கிலிக்கன் மிஷன் வழி வந்த சபையில் வளர்ந்திருக்கும். மதுரைப் பக்கத்துப் பிள்ளையின் சபை அமெரிக்க காங்கிரிகேஷனல் மிஷன் வழி. கன்னியாகுமரிப் பிள்ளையின் சபை எல்.எம்.எஸ் (லண்டன் மிஷனரி சங்கம்) வழி. யாழ்ப்பாணப் பேராயமும் சி.எஸ்.ஐ-தான், அமெரிக்க மிஷன் வழி வந்தது. மூன்று பிள்ளைகளுமே திருவிருந்தைப் பற்றி ஒரே மாதிரிப் பேச மாட்டார்கள், மூன்றுமே சி.எஸ்.ஐ-க்குள் அடங்கும். "ஒரு திட்டமும் இல்லாத சபை" என்று இதற்கு அர்த்தம் செய்யாதீர்கள். பிரிந்து கிடந்தவர்களைச் சேர்ப்பதற்காக எல்லையைத் தெரிந்தே அகலமாக வைத்தார்கள்.

பேராயர் விஷயமும் இங்கேதான் வரும். இரண்டு சபைக்கும் பேராயர் உண்டு, அதனால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. த.சு.லு.தி. 1919-ல் உருவாகி, 1921-ல் சுவீடன் மிஷனைச் சேர்ந்த ஏர்ன்ஸ்ட் ஹியூமனை முதல் பேராயராகப் பெற்றது. சுவீடன் சபை வழியாக அப்போஸ்தலத் தொடர்ச்சியும் (அப்போஸ்தலர் காலம் முதல் பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுக்கும் வரிசை) அவர்களுக்கு இருக்கிறது. இன்றும் அவர்களுக்கு ஒரே பேராயர், "தரங்கைப் பேராயர்" என்பதே பட்டம், தலைமையிடம் திருச்சி. ஆனால் அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 7-ஆம் பிரிவு, சுவிசேஷம் சுத்தமாகப் பிரசங்கிக்கப்படுவதிலும் சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானம், திருவிருந்து) சரியாகக் கொடுக்கப்படுவதிலும் ஒத்துப்போனால் சபை ஒற்றுமைக்குப் போதும் என்கிறது. பேராயர் இருப்பது நல்லது, ஆனால் சபை சபையாக இருப்பதற்கு அது நிபந்தனை இல்லை. சி.எஸ்.ஐ-யில் பேராயர் ஊழியம் இணைப்பின் அடிப்படைகளில் ஒன்று. அதற்கு இன்ன தத்துவம்தான் என்று கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அது இல்லாமல் சி.எஸ்.ஐ இல்லை.

இந்த வித்தியாசம் திடப்படுத்தல் நாளன்று கண்ணுக்கே தெரியும். சி.எஸ்.ஐ-யில் வழக்கமாகப் பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். பேராயரின் தேதிக்காகச் சேகரம் (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகள்) காத்திருக்கும். லுத்தரன் சபையில் உள்ளூர் ஆயரே திடப்படுத்துவார். ஆகவே வகுப்பைச் சேர்த்து நடத்தினாலும் ஆராதனையைச் சேர்த்து நடத்தத் திட்டமிடாதீர்கள். அவரவர் சபையில் அவரவர் ஆராதனை. இதை முதல் வாரமே பெற்றோருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

---

பதில் 3: ஜெபா_மதுரை

இவ்வளவு நீட்ட வேண்டுமா? பேராயர் ஒருவர் கையிலா, உள்ளூர் ஆயர் கையிலா என்பதைத் தவிர இரண்டும் ஒன்றுதானே. இரண்டு சபையிலும் அதே கீர்த்தனை, அதே ஞானப்பாட்டு, அதே பைபிள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இரண்டு சபை ஊழியர்களும் சேர்ந்துதானே படிக்கிறார்கள். பிள்ளைகள் மண்டையில் 16-ஆம் நூற்றாண்டுச் சண்டையை எதற்கு ஏற்ற வேண்டும்?

---

பதில் 4: தரங்கை_சாமுவேல்

ஜெபா தம்பி, அரசரடியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1969-லிருந்து அந்தக் கல்லூரி இரண்டு சபைக்கும் பொதுவாக இருப்பது பெரிய நன்மை. ஆனால் திருவிருந்துப் போதனை ஒன்று இல்லை. அதைச் சண்டையாகச் சொல்லித் தர வேண்டாம், சரியாகச் சொல்லித் தந்தால் போதும். பந்திக்கு முதல் முறை போகப்போகிற பிள்ளை "நான் எதை வாங்குகிறேன்?" என்று கேட்டால், அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

1529 அக்டோபரில் மார்பர்க்கில் லுத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரர் சுவிங்லியும் சந்தித்தார்கள். பதினைந்து பிரிவுகளில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது திருவிருந்து. அதிலும் பெரும்பகுதியில் ஒத்துப்போய், கிறிஸ்துவின் மெய்யான சரீரமும் இரத்தமும் அப்பத்திலும் ரசத்திலும் சரீரப்பிரகாரமாக இருக்கிறதா என்ற ஒரே இடத்தில் நின்றுபோனது. லுத்தர் மேசையின் மேல் சுண்ணாம்பால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு, அதிலிருந்து நகர மறுத்தார்.

இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு மூன்று நிலைகளைச் சொல்ல வேண்டும்.

லுத்தரன்: "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று கர்த்தர் சொன்னதால் அது அப்படியே. அப்பத்திலும், அப்பத்தோடும், அப்பத்தின் கீழும் கிறிஸ்துவின் மெய்யான சரீரம் கொடுக்கப்படுகிறது. அப்பம் அப்பமாகவே இருக்கிறது, கத்தோலிக்கர் சொல்வதுபோல் மாறிவிடவில்லை. எப்படி என்று விளக்க லுத்தரன் சபை முயல்வதில்லை, வாக்கு சொல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. "இரு பொருட்களின் கலப்பு" என்ற பொருளில் வெளியார் சூட்டிய பெயர்கள் சில புத்தகங்களில் வரும், அவற்றை லுத்தரன்கள் ஏற்பதில்லை, வகுப்பில் பயன்படுத்தாதீர்கள்.

கல்வின் வழி: விசுவாசி கிறிஸ்துவின் சரீரத்தை மெய்யாகவே பெற்றுக்கொள்கிறான், ஆனால் பரிசுத்த ஆவியானவர் மூலமாக, விசுவாசத்தினாலே. கிறிஸ்துவின் மனித சரீரம் பரலோகத்தில் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறது. ஆவியானவர் நம்மை அவரோடு இணைக்கிறார். ஆங்கிலிக்கன் சபையின் கொள்கை அறிக்கையான 39 பிரிவுகளில் 28-ஆவது இதற்கு மிக அருகில் வருகிறது, "பரலோகத்துக்கும் ஆவிக்கும் உரிய விதமாக மட்டுமே" உட்கொள்ளப்படுகிறது என்கிறது.

சுவிங்லி வழி: நினைவுகூருதல், சாட்சி. சி.எஸ்.ஐ-யிலும் மற்ற சபைகளிலும் பலர் மனதில் நடைமுறையில் இருப்பது இதுதான். ஆனால் சி.எஸ்.ஐ-யின் ஆராதனை முறை இதைவிட மேலானதைச் சொல்கிறது, அதை எட்வின் ஐயா எழுதட்டும்.

மூன்றையும் பிரித்துக்காட்ட ஒரே ஒரு கேள்வி போதும்: விசுவாசமில்லாமல் பந்திக்கு வருகிறவன் எதை வாங்குகிறான்? லுத்தரன் பதில்: கிறிஸ்துவின் சரீரத்தையே வாங்குகிறான், ஆனால் ஆக்கினைக்கேதுவாக. 1 கொரிந்தியர் 11:29-ல் "கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல்" என்று பவுல் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆங்கிலிக்கன் 29-ஆம் பிரிவின் பதில்: அவன் அடையாளத்தைப் பல்லால் கடிக்கிறான், கிறிஸ்துவில் பங்குபெறுவதில்லை. வேறெங்கும் ஒரே மாதிரிப் பேசுகிற இரண்டு பேர் இந்தக் கேள்வியில் பிரிந்துவிடுவார்கள்.

இங்கே ஆசிரியர்கள் வழக்கமாகத் தவறுவது, லுத்தரன் நிலையைக் கத்தோலிக்கம் என்றும், கல்வின் நிலையை "வெறும் அடையாளம்" என்றும் சொல்லிவிடுவது. இரண்டும் தப்பு. வெறும் அடையாளம் என்பதைக் கல்வினே மறுத்தார்.

பிள்ளைகள் கேட்கக்கூடிய இன்னொன்று, மீந்த அப்பத்தை என்ன செய்வது? பந்தியின் பயன்பாட்டுக்கு வெளியே சாக்கிரமெந்து இல்லை என்பது லுத்தரன் கொள்கை. அதனால் மீந்ததை வைத்து வணங்குவதும் ஊர்வலமாக எடுத்துச் செல்வதும் கிடையாது. ஆனாலும் மரியாதையாகவே கையாளுவார்கள். 1662 ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் மீந்ததைக் குருவானவரும் சிலரும் அங்கேயே பயபக்தியாக உட்கொண்டுவிடச் சொல்கிறது. காரணம் வேறானாலும் பலிபீடத்தண்டை நீங்கள் பார்ப்பது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

---

பதில் 5: பாளை_எட்வின்

சாமுவேல் ஐயா விட்ட இடத்திலிருந்து. சி.எஸ்.ஐ-யின் உபதேசத்தைத் தேட வேண்டிய முதல் இடம் அதன் ஆராதனை முறை. 1950-ல் வெளிவந்த திருவிருந்து முறைமை, பிறகு 1963-ன் பொது ஆராதனைப் புத்தகம். குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்த்து நடத்துவது, கைகளால் சமாதானத்தைக் கொடுத்து அனுப்புவது, பரிசுத்த ஆவியானவரை நோக்கிய வேண்டுதல் எல்லாம் அதில் உண்டு. சமாதானம் கொடுக்கும் வழக்கம் கேரளத்துச் சுரியானி சபையிலிருந்து எடுத்தது. ஜெபத்தின் வாசகம் கிறிஸ்துவின் சரீரத்திலும் இரத்தத்திலும் பங்குபெறுவதைப் பற்றித்தான் பேசுகிறது. நினைவு மட்டும் என்று நிறுத்துகிற சி.எஸ்.ஐ ஆசிரியர் தன் சொந்தச் சபையின் ஜெபத்தைவிடக் குறைவாகக் கற்பிக்கிறார்.

ஜெபா தம்பிக்கு ஒன்று சொல்ல ஆசை. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதற்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706-ல் இறங்கியபின், பிற்காலத்தில் ஆங்கிலேய எஸ்.பி.சி.கே சங்கம் (ஆங்கிலிக்கன் சங்கம்) தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பணம் கொடுத்து நடத்திய ஊழியத்தைச் செய்தவர்கள் லுத்தரன் மிஷனரிகள். சுவார்ட்ஸ் அவர்களில் ஒருவர். ஆங்கிலிக்கன் பேராயர் கையால் பட்டம் பெறாதவர்கள் ஆங்கிலிக்கன் சங்கத்தின் சம்பளத்தில் ஞானஸ்நானமும் இராப்போஜனமும் கொடுத்தார்கள், யாரும் தடுக்கவில்லை. 1820-களில் அந்தச் சபைகள் எஸ்.பி.ஜி (இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம்) கைக்கு மாறியபோது பாட்டும் பழக்கமும் லுத்தரனாகவே இருந்து, மேலே ஆங்கிலிக்கன் ஒழுங்கு வந்தது.

உரசல் வெளிப்பட்டது திருநெல்வேலியில். ரேனியஸ் ஜெர்மானியர், லுத்தரன் முறையில் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ் (ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம்) ஊழியராக 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். தன்னோடு உழைத்த உபதேசிமாருக்குத் தாங்களே குருப்பட்டம் கொடுக்கலாம் என்பது அவர் நிலை. அவருக்குப் பின்னால் தரங்கம்பாடி மரபு இருந்தது. 1733-லேயே ஆரோன் என்ற தமிழருக்கு அங்கே லுத்தரன் மிஷனரிகள் பட்டம் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலிக்கன் பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். அதோடு ஆங்கிலிக்கன் ஒழுங்குகளை விமர்சித்து அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835-ல் தொடர்பு முறிந்தது. சபைகள் இரண்டு பட்டன. 1838-ல் அவர் இறந்தபின்தான் மெல்ல ஒன்றானார்கள். "உள்ளூர் ஆயர் கையா, பேராயர் கையா என்பதைத் தவிர ஒன்றுதானே" என்று நீங்கள் எழுதினீர்கள். திருநெல்வேலிச் சபையை உடைத்ததே அந்தக் கை விஷயம்தான்.

1919 மே மாதம் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா முதலானோர் தரங்கம்பாடியில் கூடித்தான் சபை ஐக்கியத்துக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். அதிலிருந்தே 1947 வந்தது. லுத்தரன் சபைகள் அந்த இணைப்பில் சேரவில்லை. பிறகு 1950-களில் இரு தரப்பு இறையியலாளர்களும் உட்கார்ந்து நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும், தெரிந்துகொள்ளுதல் (இரட்சிப்புக்கென்று தேவன் முன்குறித்தல்), திருவிருந்து, சபையும் ஊழியமும் என்று ஒவ்வொன்றாகப் பேசி நெருங்கிவந்தார்கள். ஆனால் அமைப்பு ஒன்றாகவில்லை.

---

கிரேஸ்_டீச்சர்

ஐயாமாருக்கு மிகவும் நன்றி. மூன்று சந்தேகம் மிச்சம். ஞானஸ்நானத்தில் வித்தியாசம் உண்டா? பாவ அறிக்கை பற்றி லுத்தரன் புத்தகத்தில் தனிப் பகுதி இருக்கிறது, சி.எஸ்.ஐ பிள்ளைகள் "இது ஆர்.சி (ரோமன் கத்தோலிக்க) பழக்கம்" என்கிறார்கள், என்ன சொல்ல? கடைசி நாளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கலாமா?

---

பதில் 6: தரங்கை_சாமுவேல்

ஞானஸ்நானம்: இரண்டு சபையும் குழந்தைகளுக்குக் கொடுக்கின்றன, தண்ணீரும் திரித்துவ நாமமும் இருந்தால் ஒன்றையொன்று ஏற்கின்றன, மறுபடி கொடுப்பதில்லை. சபை மாறினாலும் அப்படியே. போதனையில் லுத்தரன் பக்கம் அழுத்தம் அதிகம். சிறிய ஞானோபதேசத்தின்படி ஞானஸ்நானம் பாவமன்னிப்பை உண்டாக்கி, மரணத்துக்கும் பிசாசுக்கும் விலக்கி, நித்திய இரட்சிப்பைக் கொடுக்கிறது. தண்ணீர் இதைச் செய்வதில்லை, தண்ணீரோடு இருக்கிற தேவ வார்த்தையும் அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமும் செய்கின்றன. குழந்தைக்கும் தேவன் விசுவாசத்தைக் கொடுக்கக்கூடும் என்பார்கள். தீத்து 3:5-ன் "மறுஜென்ம முழுக்கு" இங்கே மனப்பாட வசனம்.

சி.எஸ்.ஐ-க்குள் இதில் இரண்டு குரல் உண்டு. 1662 ஆங்கிலிக்கன் முறை, ஞானஸ்நானம் கொடுத்தவுடனே இந்தக் குழந்தை மறுபடி பிறந்திருக்கிறது என்று நன்றி சொல்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று இங்கிலாந்தில் கோரம் என்ற குருவின் வழக்கில் சண்டை வந்து, 1850-ல் கட்டாயமில்லை என்று தீர்ப்பானது. பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியினர் உடன்படிக்கையின் அடையாளமும் முத்திரையும் என்பார்கள். நீங்கள் வகுப்பில் "தேவன் இதில் செயல்படுகிறார், நம் சாட்சி மட்டும் அல்ல" என்பதைப் பொதுவாகச் சொல்லலாம், இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும். விடுதிப் பிள்ளைகளிடம் "முழுக்கு எடுத்தால்தான் ஞானஸ்நானம்" என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அங்கே சி.எஸ்.ஐ, லுத்தரன் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், அதைத் தெளிவாகக் காட்டுங்கள்.

திடப்படுத்தலுக்கும் இதோடு தொடர்பு உண்டு. லுத்தரன் போதனையில் அது ஞானஸ்நானத்தில் எதையும் நிறைவாக்குவதில்லை. படித்து, சபை முன் அறிக்கையிட்டு, பந்திக்கு ஆயத்தமாவது. ஆங்கிலிக்கன் வழியில் ஆவியானவரின் பெலனுக்காகக் கைவைத்து ஜெபிப்பதே நடுநாயகம். "இன்று பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம்" என்று சி.எஸ்.ஐ பிள்ளை சொல்லும், "அது ஞானஸ்நானத்திலேயே கிடைத்தாயிற்றே" என்று லுத்தரன் பிள்ளை மறுக்கும். ஞானஸ்நானத்தில் கிடைத்த ஆவியானவர் பலப்படுத்துகிறார் என்று சொன்னால் இரண்டு புத்தகத்துக்கும் பொருந்தும்.

பாவ அறிக்கை: ஆர்.சி பழக்கம் என்பது அவசரப் பேச்சு. சிறிய ஞானோபதேசம் அறிக்கையை இரண்டு பகுதியாகச் சொல்கிறது. பாவத்தை ஒத்துக்கொள்வது ஒன்று, ஆயர் வாயால் வரும் மன்னிப்பைத் தேவனிடமிருந்து வருவதாகவே பெற்றுக்கொள்வது இன்னொன்று. "என் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறாயா?" என்று ஆயர் கேட்கும் கேள்வியே அதில் இருக்கிறது. எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லும் கட்டாயம் இல்லை, பிராயச்சித்தம் இல்லை. ரோமச் சபையிலிருந்து பிரிவது அங்கேதான். ஆங்கிலிக்கன் திருவிருந்து முறையில் "தேவன் உங்கள்மேல் இரங்கி, உங்களை மன்னித்து விடுவிப்பாராக" என்று வேண்டுதலாக வருகிறது. ஆனால் அதே 1662 புத்தகத்தில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் முறையில் "நான் உன்னை மன்னிக்கிறேன்" என்ற நேரடி வாசகமும் இருக்கிறது. சி.எஸ்.ஐ பிள்ளைகளின் முன்னோர் புத்தகத்திலேயே அது உண்டு என்று சொல்லுங்கள்.

---

பதில் 7: பாளை_எட்வின்

ஒரே பந்தி பற்றி: விடுதியில் நீங்களாக ஏற்பாடு செய்யாதீர்கள். த.சு.லு.தி., சி.எஸ்.ஐ ஆயர்கள் இருவரிடமும் எழுத்தில் கேட்டு, யார் நடத்துவது, எந்த முறை, எங்கே என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளை நீங்களாக உட்கார வைக்காதீர்கள். உங்கள் இரண்டு ஐ.இ.எல்.சி பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அந்தச் சபை 1895-ல் கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கிய மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபையின் மிஷன் வழி. உபதேச ஒருமை இல்லாத பந்தியில் சேர்வதை அந்த மரபு ஏற்பதில்லை. அவர்களும் லுத்தரன்தானே என்று த.சு.லு.தி. கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் ஆயரிடம் தனியாகக் கேளுங்கள். வகுப்பில் உட்காரத் தடை இருக்காது, பந்தியில்தான் சிக்கல்.

12 வகுப்பை இப்படிப் பிரிக்கலாம். பத்துக் கற்பனைக்கு மூன்று, விசுவாசப் பிரமாணத்துக்கு மூன்று, கர்த்தருடைய ஜெபத்துக்கு இரண்டு, ஞானஸ்நானத்துக்கு ஒன்று. ஆக ஒன்பதும் பொது. பத்தாவது, பதினோராவது வகுப்புகளில் அறிக்கையும் திருவிருந்தும். இவ்விரண்டிலும் முதல் அரைமணி எல்லோருக்கும் வேத வசனம் (மத்தேயு 26, 1 கொரிந்தியர் 10, 11), பின் அரைமணி பிரித்து, முடிந்தால் அந்தந்தச் சபை ஆயரையே வரவழைத்து நடத்துங்கள். பன்னிரண்டாவது அவரவர் சபையின் ஆராதனை முறையைக் கையில் வைத்து ஒத்திகை. தெரிந்துகொள்ளுதல், பாதாளத்தில் இறங்குதல் போன்றவற்றிலும் கல்வின் வழிக்கும் லுத்தரன் வழிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஆனால் இந்த வயதுக்கு அது வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கற்பனைகளை விளக்கும்போது சி.எஸ்.ஐ ஆசிரியர்கள் மெத்தடிஸ்டு சாயலில் "இப்படி நடந்தால் பரிசுத்தத்தில் வளர்வாய்" என்று முடிப்பார்கள். மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி இந்த வாழ்விலேயே அன்பில் பூரணப்படலாம் என்று போதித்தவர். லுத்தரன் புத்தகம் அப்படி முடியாது. கற்பனை முதலில் என் பாவத்தைக் காட்டும், சுவிசேஷம் மன்னிப்பைக் கொடுக்கும், விசுவாசி கடைசிவரை நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்பது அதன் நிலை. நல்ல கிரியை வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதில் லுத்தரன் ஆயர்கள் மிகக் கவனமாக இருப்பார்கள். ஒவ்வொரு கற்பனையின் விளக்கத்தையும் லுத்தர் "நாம் தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூர்ந்து" என்ற கருத்தில்தான் தொடங்குகிறார், அங்கிருந்து நீங்களும் தொடங்கினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சரியாக வரும்.

---

பதில் 8: ஜெபா_மதுரை

எட்வின் ஐயா, ரேனியஸ் விவரம் எனக்குப் புதிது, நன்றி. கிரேஸ் அக்கா, கரும்பலகையில் எழுதப்போகிற அந்த இரண்டு எண் பட்டியலைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கற்பனைகளோடு கர்த்தருடைய ஜெபத்தின் ஏழும் ஆறும் சேர்த்து எழுதினால் எங்கள் ஞாயிறு பள்ளிக்கும் உதவும்.